கேட்டதும் சேர்த்ததும்

கருத்துப் புதிதானால்தான் நூல் புதிதாகுமா, பழங்கருத்தைப் புதிதாகச் சொல்லினும் ஆகுமா என்னும் வினா அலங்கார சாஸ்திரத்தில் பழையது. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கேட்ட மாத்திரத்தில் கவிதையும் உரையும் எழுதித் தரும் இக்காலத்தில் அது மீண்டும் எழுந்துள்ளது. ‘பொறிக்குச் சொந்தக் கருத்து இல்லை, ஆகவே அதன் எழுத்து இலக்கியம் அன்று’ என்பது பலரும் கூறும் தீர்ப்பு. வியாக்யானப் பரம்பரையை அறிந்தோர் இதனை அப்படியே ஏற்க இயலாது.

கருத்தின் புதுமையே அளவுகோலானால், திருவாய்மொழிக்குப் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி ஒன்றே போதும். ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி, பன்னீராயிரப்படி நான்கும் மிகையாகும். பூர்வாசார்யர்கள் எவரும் தம் பொருளைப் புதிதென்று சொல்லிக்கொண்டாரல்லர். முன்னோர் சொன்னதைச் சொல்வதையே பெருமையாகக் கொண்டனர். ஆயினும் ஐந்தும் ஐந்து நூல்களே.

இதற்கான நியாயத்தை 9ஆம் நூற்றாண்டிலேயே காச்மீரத்து ஆனந்தவர்த்தனர் த்வன்யாலோகத்தின் நான்காம் உத்யோதத்தில் காட்டினார். ஒரு கவியின் பொருள் மற்றொரு கவியின் பொருளோடு ஒத்திருத்தல் மூவகை: பிரதிபிம்பம் போன்றது, சித்திரம் போன்றது, உருவொத்த வேறொரு மனிதனைப் போன்றது. முதலாவதற்குத் தனி ஆத்மா இல்லை, இரண்டாவதற்கு இருப்பது அற்பம், இரண்டும் தள்ளத்தக்கன. மூன்றாவதற்குத் தனக்கென ஆத்மா உண்டு; ஆகவே கொள்ளத்தக்கது.

பொறியின் எழுத்து இவற்றுள் எது? கற்பிக்கப்பட்ட நூல்களின் சொற்சேர்க்கைகளைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோப்பதே அதன் தொழில். வரும் வாக்கியம் பெரும்பாலும் எந்த நூலிலும் அப்படியே இராது. ஆதலால் வெறும் பிரதிபிம்பம் என்று தள்ளவும் முடியாது. இங்கே நம்பிள்ளையைப் பற்றிய ஐதிஹ்யம் வழிகாட்டும்.

நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை செய்யும்படி நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் காவேரியைக் கடக்கையில் சுவடி வெள்ளத்தில் போயிற்று. ஆசார்யரிடம் கேட்டவற்றை நினைந்து அவர் முழுவதையும் மீண்டும் எழுதினார். தமிழ்ப் புலமையால் சில இடங்களில் விசேஷார்த்தங்களும் அமைந்தன. ஓலையைக் கண்ட நஞ்சீயர், தம் கருத்தே அதில் இருக்கவும் தாம் எழுதாதனவும் சேர்ந்திருப்பதைக் கண்டு, நடந்தது என்னவென்று வினவினார். வரதராஜர் உள்ளதை உள்ளபடி விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து, ‘நம்பிள்ளை’ என்று பெயரிட்டார்.

இதில் நோக்கத்தக்கது ஒன்று. கேட்டதைக் கொண்டு புதிதாக எழுதுதல் என்னும் அளவில் வரதராஜர் செய்ததும் பொறி செய்வதும் ஒத்தனவாகத் தோன்றும். ஆனால் கேட்டது எது, சேர்த்தது எது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. கேட்டவருக்கு முன் நின்று சொல்லவும் செய்தார். பொறி அங்ஙனம் தன் எழுத்துக்குப் பொறுப்பேற்று நிற்பதில்லை. நூலில் இல்லாத வாக்கியத்தை அந்நூலின் மேற்கோளாகத் தருவது அதன் அறியப்பட்ட குறை. மூலத்தைச் சுட்டிக்காட்டும் பொறிகளும் உண்டே எனில், சுட்டிய இடத்தில் அப்பொருள் உண்டா என்று பார்க்க வேண்டியவர் மனிதரே.

நல்ல பொருளாயிருத்தல் மட்டும் போதாது என்பதற்கு ஈட்டின் வரலாறும் சான்று. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைக் கேட்டே வடக்குத்திருவீதிப்பிள்ளை அதனை எழுதினார். அவ்வெழுத்தின் அழகில் நம்பிள்ளைக்குக் குறை தோன்றவில்லை. ஆயினும் நியமனம் இன்றி எழுதப்பட்டதென்று அதனைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் நியமனத்தால் பெரியவாச்சான் பிள்ளை எழுதியது இருபத்துநாலாயிரப்படி. ஊற்று ஒன்று, நூல்கள் இரண்டு. யார் சொல்லி, யார் எழுதியது என்பதும் அங்கே நூலின் தகுதியாகக் கருதப்பட்டது.

சொல்லடைவு காணவும், ஒத்த இடங்களைத் தேடவும், பாடபேதங்களை வரிசைப்படுத்தவும் பொறியைக் கொள்வதில் தோஷமில்லை. பட்டோலை செய்பவர் உதவி எக்காலத்தும் வேண்டும். ஆனால் அதன் வாசகத்தைத் தம் பெயரில் வெளியிடுபவர், நஞ்சீயர் வினவியதைப் போல ஒருவர் வினவினால் விடை சொல்லக் கடமைப்பட்டவர். கருத்து முன்னோருடையதாயிருப்பது குறையன்று. அதுவே இப்பரம்பரையின் பலம். தாம் எழுதியதில் கேட்டது எது, சேர்த்தது எது என்று அறியாதிருப்பதே குறை. ஆனந்தவர்த்தனர் சொன்ன தனி ஆத்மாவை வியாக்யானத்தில் தேடுவோர் அவ்வறிவு உள்ள இடத்திலேயே தேட வேண்டும்.