பலம் வேண்டாம், டெக்னிக் போதும்: இதில் எவ்வளவு உண்மை?

கீழே விழுந்த மோட்டார் சைக்கிளை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துவது எப்படி என்று காட்டும் செய்முறை விளக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீங்க. எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே திரைக்கதைதான். பெரிய வண்டி ஒன்று தரையில் கிடக்கும். முதலில் ஒரு வாட்டசாட்டமான ஆள் முன்னாடி குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து, முகம் சிவந்து தோற்பார். அப்புறம் ஒல்லியான ஒருத்தர் வருவார், பெரும்பாலும் ஒரு பெண். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாலு அடி பின்னாடி நடப்பார். வண்டி நின்றுவிடும். கடைசியில் அந்த வாசகம்: பலம் வேண்டாம், டெக்னிக் போதும்.

இந்த வாசகத்தை நானும் ஒருத்தியிடம் சொன்னேன். அவள் என் தங்கச்சி. அதனால் வந்த வினைதான் இந்தக் குறிப்பு.

கொல்லிமலை போயிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுத்தமாக ஓட்டி ஏறியவள், மேலே ஒரு டீக்கடை ஓரம் வண்டியைத் திருப்பும்போது சரளைக் கல்லில் இடது பக்கமாகச் சாய்த்துவிட்டாள். வேகமே இல்லை, அடியும் படவில்லை. வண்டி 350 சிசி, 195 கிலோ. அவள் 50 கிலோ.

நான் ஓடிப்போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "நீயே தூக்கு, பலமே வேண்டாம், முதுகை நேரா வெச்சுக் காலால தள்ளு"ன்னு கோச்சிங் கொடுத்துக்கிட்டு நின்னேன். அவளும் சொன்னதைச் சரியாகத்தான் செய்தாள். வண்டி பாதி எழுந்தது. அவள் ஷூ வழுக்கியது, வண்டி திரும்பக் கீழே போனது. இரண்டாவது தடவை சரளையைக் காலால் ஒதுக்கி, கெட்டித் தரையில் ஊன்றித் தள்ளினாள். இப்போது டயர் ரெண்டும் அந்தப் பக்கமாக நகர்ந்தன. மறுபடியும் கீழே. டீ குடிச்சுக்கிட்டிருந்த எட்டுப் பேரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

அதில் ஒரு பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பின் டயரின் அந்தப் பக்கம் ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். முன் டயருக்குத் தன் காலையே வைத்தார். "ஏணி நிமித்தறப்ப அடிய ஒருத்தர் மிதிச்சுக்கறதில்லையா கண்ணு, அது மாதிரிதான். இப்பத் தள்ளு" என்றார். தள்ளினாள். நின்றது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது: "அண்ணா, பலமே வேண்டாத வேலையைக்கூட என்னால செய்ய முடியல. வண்டியை வித்துடலாம்." இரண்டு மாதம் அந்த வண்டி உறை போட்டுப் போர்டிகோவிலேயே நின்றது.

தப்பு அவளிடமா, வாசகத்திடமா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் அந்த முறைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம், ஏன்னா அது ஏமாற்று வேலை இல்லை. ஹேண்டில்பாரை, வண்டி விழுந்த பக்கமாகவே முழுசாகத் திருப்ப வேண்டும். அப்போது கீழே இருக்கும் கைப்பிடி டேங்க் பக்கம் நெருங்கி வரும். ஒரு கையால் அதையும், மறு கையால் சீட்டுக்குப் பின்னாடி இருக்கும் கைப்பிடியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். (நம்ம ஊர் வண்டிகளில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி கட்டாயம், 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி. பிடிக்க ஓர் இடம் இருப்பது அதன் புண்ணியம்.) இடுப்பை சீட் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, முதுகை வளைக்காமல், தொடை பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னாடி நடக்க வேண்டும். குனிந்து நின்று இடுப்பைத் திருகி இழுப்பதைவிட இது நிச்சயமாக மேல். இது முதுகெலும்பு வேலையைக் காலுக்கு மாற்றுகிறது.

ஆனால் மாற்றுவது வேறு, வேண்டாம் என்பது வேறு.

பெரியவர் சொன்ன ஏணியையே எடுத்துக்குவோம். கிடக்கும் வண்டிக்கு டயர் தரையைத் தொடும் இடம்தான் கீல். எடை மையம் அதிலிருந்து தோராயமாக அரை மீட்டர். நாம் பிடிக்கும் இடம் தோராயமாக ஒரு மீட்டர். அப்படியென்றால் ஆரம்பத்தில் கையில் ஏறும் சுமை, வண்டி எடையில் சுமார் பாதி. 195 கிலோ வண்டிக்கு 97 கிலோ. ஒவ்வொரு வண்டிக்கும் இது கொஞ்சம் மாறும். கிராஷ் கார்டு இருந்தால் வண்டி முழுசாகப் படுக்காது, ஆரம்பம் சுலபமாகும். ஆனாலும் பாதி என்ற கணக்கு பெரிசாக மாறாது.

சுவாரசியம் இதுக்கு மேலதான். சுமையை நேர் செங்குத்தாக மேலே தூக்கிக்கொண்டே போனால், கடைசி வரை அதே 97 கிலோதான். வண்டி எழ எழக் குறையவே குறையாது. குனிந்து இழுத்த வாட்டசாட்டமான ஆள் தோற்பதற்கு இதுவும் காரணம். மாறாக, வண்டி எழும் வட்டப்பாதையை ஒட்டியே தள்ளினால், சுமை குறைந்துகொண்டே வரும். 20 டிகிரியில் 92 கிலோ, 45 டிகிரியில் 69, 60 டிகிரியில் 49. பின்னாடி நடப்பதன் ரகசியம் இவ்வளவுதான்: தூக்குவதை மெல்ல மெல்லத் தள்ளுவதாக மாற்றுவது.

ஆக, முதல் கணத்தில் 90 கிலோவுக்கு மேல் காலில் வாங்கத்தான் வேண்டும். ஒப்பிட ஒரு எண்: அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1991ல் திருத்திய சமன்பாட்டின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதுகூட வேலையிடத்தில் ஒருவர் இரு கையாலும் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. அது தினசரி வேலைக்கான எல்லை, ஒரே ஒரு தடவை தூக்குவதற்கானது அல்ல. நேராகப் பொருத்திப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அதைப் போல நாலு மடங்கு சுமையைப் "பலம் வேண்டாம்" என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம், விளக்கங்களில் நான் கேட்காதது. தள்ளுவது என்றால் பக்கவாட்டு விசை. அதைத் தாங்குவது யார்? தரை. என் கணக்கில் இந்த விசை 20 டிகிரியில் 31 கிலோ, 45 டிகிரியில் 49 கிலோ, 70 டிகிரிக்கு வந்தால் திரும்ப 31. அதாவது நடுவழியில்தான் உச்சம். சுமை குறைகிறது, அப்பாடா என்று நினைக்கும் அந்த இடத்தில்தான் காலும் டயரும் வழுக்க அதிக வாய்ப்பு. தங்கச்சிக்கு இரண்டு தடவையும் வண்டி பாதியில் நின்றது அவள் தெம்பு தீர்ந்ததால் அல்ல. தரையின் பிடி தீர்ந்ததால்.

உடல் எடையும் இங்கே கணக்கில் வருகிறது. 45 டிகிரியில் தூக்குபவர் காலடியில் அழுத்துவது அவருடைய எடையும் வண்டியிலிருந்து இறங்கும் ஒரு 49 கிலோவும். 80 கிலோ ஆளுக்கு மொத்தம் 129, 50 கிலோ ஆளுக்கு 99. இருவரும் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை அதே 49தான். அழுத்தம் குறைந்தால் பிடியும் குறையும். உலர்ந்த சிமெண்ட் தரையில் இந்த வித்தியாசம் தெரியாது, ரெண்டு பேருமே தப்பித்துவிடுவார்கள். சரளையில் 80 கிலோ ஆள் தப்பிக்கிற இடத்தில் 50 கிலோ ஆள் வழுக்குவார். செய்முறை விளக்கம் எந்தத் தரையில் நடக்கிறது என்று இனிமேல் கவனித்துப் பாருங்க. நான் பார்த்தவரை உலர்ந்த, சமமான தளம்தான். டெக்னிக் பலத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. தரையிடம் கடன் வாங்குகிறது. கடன் கொடுக்காத தரையும் உண்டு என்பதைச் சொல்லாதது என் முதல் குறை.

அடுத்த குறை, தூக்குவதற்கு முன்னாடி செய்ய வேண்டியவை. இவை பெரும்பாலும் ஒரு வரியில் ஓடிவிடும். உண்மையில் பாதி வேலை இங்கேதான்.

எஞ்சினை அணைக்கணும். பழைய வண்டியென்றால் பெட்ரோல் டேப்பையும் மூடணும். வலது பக்கம் விழுந்திருந்தால், சைடு ஸ்டாண்டை முதலிலேயே நீட்டிவிடணும். இல்லாவிட்டால் முதுகு காட்டித் தள்ளும் வேகத்தில் வண்டி அந்தப் பக்கம் போய் விழும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வலது பக்கம்தான் பெரும்பாலும் சைலன்சர், காலைச் சுடும். இடது பக்கம் விழுந்தால் ஸ்டாண்டு அடியில் மாட்டிக்கும், கியர் லீவரும் மாட்டிக்கும். அப்போது மேலே இருக்கும் முன் பிரேக் லீவரைப் பழைய டியூபை வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டலாம். கியரோ பிரேக்கோ, வண்டி முன்பின் உருளாமல்தான் பிடிக்கும். பக்கவாட்டில் டயர் நகர்வதை அது தடுக்காது. அதுக்குக் கல்தான், அல்லது ஒருத்தர் கால்தான்.

சரிவில் டயர் மேட்டுப் பக்கமும் ஹேண்டில் பள்ளத்துப் பக்கமும் கிடந்தால், அப்படியே தூக்கவே பார்க்காதீங்க. தரையிலேயே வண்டியை மெல்ல இழுத்துச் சுழற்றி, டயரைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்தால், சரிவே கொஞ்சம் தூக்கிக் கொடுத்த மாதிரி.

முதுகு காட்டுவது ஒன்றுதான் வழி என்பதும் சரியில்லை. வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்து, தாழ்ந்திருக்கும் கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, நெஞ்சை நெருக்கி வைத்துக் காலால் எழும் முறையும் உண்டு. கைப்பிடி கீலிலிருந்து அதிக தூரத்தில் இருப்பதால் நெம்புகோல் நீளம். வண்டி எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குனிந்து இழுக்கும் பழைய தப்புக்கு இதில் சுலபமாகச் சறுக்கிவிடலாம். எந்த முறை நல்லது என்று கேட்டால், எந்தத் தரை, எந்தப் பக்கம், யார் உடம்பு என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயமான பதில்.

இதையெல்லாம் நமக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? ஜப்பானில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளில், ஆரம்பப் பாடத்திலேயே விழுந்த வண்டியை நிமிர்த்த வைப்பது வழக்கம். ஹிகிஓகோஷி என்று அதற்குப் பெயர். ஹோண்டாவின் சிபி400 மாதிரி, 200 கிலோவை ஒட்டிய வண்டியை, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தூக்கிப் பார்க்கிறார்கள். நம்ம ஊரில் எட்டுப் போட்டால் போதும். 112 கிலோ ஸ்ப்ளெண்டரில் எட்டுப் போட்டு வாங்கிய உரிமம், 195 கிலோ கிளாசிக் 350க்கும் செல்லும். இரண்டும் "கியர் உள்ள மோட்டார் சைக்கிள்"தான். அதனால் முதல் பாடம் நடுரோட்டில், நாலு பேர் பார்க்கும்போதுதான் நடக்கிறது.

அந்த நாலு பேர் பார்ப்பதுதான் உண்மையான எடை என்று இப்போது தோன்றுகிறது. விழுந்ததும் நமக்கு முதலில் வருவது வலி இல்லை, கூச்சம். யாரும் பார்க்கறதுக்குள்ள தூக்கிடணும் என்ற அவசரத்தில்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது. "பலம் வேண்டாம்" என்ற வாசகம் கூச்சத்தைக் குறைக்க வந்தது, நல்ல எண்ணத்தில் வந்தது. சின்ன உடம்புக்காரர்களுக்கு அது தைரியமும் கொடுத்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் முடியாமல் போகிறவருக்கு அது கூச்சத்தை இரட்டிப்பாக்குகிறது. பலம் வேண்டும் என்று சொல்லியிருந்தால் "எனக்குப் பலம் போதல" என்று ஒரு கை கேட்டிருப்பாள். வேண்டாம் என்று சொன்னதால் கேட்கவும் வழியில்லாமல் போனது. இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று தூக்கினால் ஆளுக்கு ஐம்பது கிலோகூட வராது. இதைவிட நல்ல டெக்னிக் எனக்குத் தெரியவில்லை.

கணக்கெழுதிய தாளைத் தங்கச்சியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "அப்போ அன்னிக்கு நீ வந்து காலை வெச்சிருந்தாப் போதும்" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றி, வாசலில் பழைய மெத்தையைப் போட்டு வண்டியைச் சாய்த்தோம். சிமெண்ட் தரையில் டயருக்கு நான் கால் கொடுத்தபோது முதல் தடவையிலேயே தூக்கினாள். நான் விலகியதும் மூன்றாவது தடவையில் தனியாகவும் தூக்கினாள். பக்கத்து மனையில் சரளை கொட்டிக் கிடந்தது. அங்கேயும் முயன்றாள், முடியவில்லை. இந்தத் தடவை வருத்தப்படவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அண்ணா, வந்து அடிய மிதி" என்றாள்.