முலுவின் குகைகளை ரசிப்பது எப்படி?

ராயப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மலேசியாவுக்குப் போய்வந்த குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றேனும் பத்துமலையைத் தரிசிக்காமல் திரும்பியதில்லை. 272 படிகளையும் ஏறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தம்புசாமிப் பிள்ளை ஸ்தாபித்த சந்நிதியில் முருகனை வணங்கி, மேலே திறந்த கூரையின் வழியாக ஒளி விழும் அந்தச் சுண்ணாம்புக் குகையின் நடுவில் நின்று மெய்மறந்து வந்தவர்கள்தாம் எல்லோரும். அப்படியிருந்தும், அதே தேசத்தின் மறு பாதியில், போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்தில், குனுங் முலு தேசியப் பூங்காவின் மழைக்காட்டுக்குள்ளே, பத்துமலையையும் சிறிதாக்கிவிடும் பிரமாண்டமான குகைகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றால், "குகையில் இருட்டைத் தவிர என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கடைவீதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த ஆற்றாமையே என்னை எழுதத் தூண்டியது.

முதலில் அவசியமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து மிரி நகரம். அங்கிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரம். சாலை வழி கிடையாது. சரவாக்கில் தனியே குடிநுழைவுச் சோதனை உண்டாதலால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வழிகாட்டியில்லாமல் குகைக்குள் விடமாட்டார்கள். வழுக்காத காலணி, மழைக்கோட்டு, நல்ல டார்ச் விளக்கு ஆகியவை வேண்டும். மற்றவற்றைப் பயண ஏற்பாட்டாளரே சொல்லிவிடுவார்.

காட்டையும் குகையையும் இரு வேறு காட்சிகளாக எண்ணாதிருப்பது ரசனையின் முதற்படி. மழை காட்டின் மீது பெய்து, உதிர்ந்து மக்கும் இலைகளினூடே இறங்குகையில் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளுள் புகுந்து யுகயுகமாகக் கரைத்ததன் விளைவே குகை. ஆகவே காடு தழைத்த இடத்தில் குகை பெருத்திருப்பது தற்செயலன்று. 1977–78இல் லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் குழு இங்கே பல மாதங்கள் தங்கி ஆராய்ந்தபோது, காட்டு உயிர்களைக் கணக்கெடுத்தவர்களும் குகைகளை அளந்தவர்களும் சேர்ந்தே உழைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் இவ்விரண்டையும் கருதியே.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான பேதத்துக்கு வருகிறேன். குகைக்குள் நாம் காண்பவை இரு வகை: நீர் சேர்த்து வைத்தவை ஒன்று, நீர் எடுத்துச் சென்றதனால் உண்டானவை மற்றொன்று. மேலிருந்து தொங்கும் கல்விழுதுகளும், கீழிருந்து எழும் கல்முளைகளும் சொட்டுச்சொட்டாகச் சேர்ந்தவை. இவற்றைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இவற்றுக்குத்தான் வண்ண விளக்குப் போடுகிறார்கள். நம்மவர் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிற வழியில் போரா குகையைப் பார்ப்பதும் இந்த விதமாகவே: இது லிங்கம், இது யானை, இது தாயும் பிள்ளையும் என்று சாயல் கண்டு மகிழ்ந்து, அடுத்த நிமிஷமே வெளியேறிவிடுகிறார்கள். முலுவின் மான் குகையிலும் வாயிலருகே ஆபிரகாம் லிங்கனின் முகம் தெரிகிறதென்று கூட்டம் கூடிப் படமெடுக்கிறது. ஒரு பொருளில் இன்னொன்றின் சாயலை மட்டும் தேடுகிறவன் அந்தப் பொருளைப் பார்க்கவேயில்லை என்பது என் உறுதியான கருத்து.

நீர் எடுத்துச் சென்ற இடத்தைப் பார்க்கக் கற்றவனே குகை ரசிகன். முலுவின் தெளிநீர்க் குகையில், மெலினாவ் ஆற்றில் படகேறிச் சென்று நுழைந்தவுடன், சுவரெங்கும் சிப்பி வடிவமான சிறு குழிகள் வரிசைவரிசையாக இருப்பதைக் காணலாம். அவை ஓடிய வெள்ளத்தின் சுவடுகள். குழி சிறியதாக இருந்தால் நீர் விரைந்து பாய்ந்தது; முழ நீளம் இருந்தால் நீர் நிதானமாக நகர்ந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். செங்குத்தான பக்கமே நீர் வந்த திசை. மனித சாட்சி எதுவுமில்லாத காலத்தில், இப்போது வறண்டு கிடக்கும் ஒரு சுரங்கத்தின் வழியே, ஆறு எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதை ஒரு சுவரிலிருந்து வாசித்துவிடலாம் என்றால், அதற்கு எதிரே யானை போன்ற கல்லும் லிங்கன் போன்ற கல்லும் எம்மாத்திரம்? சில இடங்களில் சுவரின் குறுக்கே கிடைமட்டமாக நீண்ட பள்ளங்கள் ஓடும். நிலம் மெல்ல மெல்ல உயர, ஆறு கீழே கீழே அறுத்துச் சென்றபோது, அதன் பழைய மட்டங்கள் அப்படியே தங்கிவிட்டன. 200 கிலோமீட்டருக்கு மேல் இதுவரை அளக்கப்பட்டிருக்கும் இக்குகைத் தொகுதி முழுவதும் இந்த லிபியால் நிறைந்தது.

பிரமாண்டத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மான் குகையின் கூரை சுமார் 120 மீட்டர் உயரம். மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிறுத்தினாலும் இடம் மிஞ்சும். 1981இல் மூன்று ஆங்கிலேயர் இங்கே கண்டறிந்த சரவாக் கூடம் என்ற குகையறையோ, 600 மீட்டர் நீளமும் 415 மீட்டர் அகலமும் உடையது. அத்தனை கல்லும் கரைந்து ஆற்றோடு போயிற்று என்று நினைத்துப் பார்க்கும்போதுதான் அளவு என்பது எண்ணாக இல்லாமல் அனுபவமாகிறது. பயணக் கட்டுரையாளர்களுக்கோ "உலகிலேயே பெரியது" என்ற பட்டமே வேண்டும். 2009இல் வியட்நாமின் சோன் டூங் குகை அளக்கப்பட்டு முதலிடம் பெற்றதும், மான் குகையைப் புகழ்ந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அதனால் மான் குகையின் சுவர் ஓர் அங்குலமேனும் குறுகிவிட்டதா? தரவரிசை கண்டு மயங்குவது ரசனையாகாது.

வௌவால்களையும் சொல்லியாக வேண்டும். மாலையில், மழையில்லாத நாளில், சுமார் 30 லட்சம் வௌவால்கள் மான் குகையிலிருந்து கரும்புகைபோல் வளைந்து நெளிந்து பூச்சி தேடப் புறப்படும். அவற்றின் எச்ச நாற்றத்துக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். காட்டில் பிடித்த இரையை எச்சமாகக் குகைக்குள் கொண்டுவந்து சேர்ப்பவை அவையே. வெளிச்சமே புகாத உள்ளிடத்தில் கரப்பும் பூரானும் உயிர்வாழ்வது அதனால்தான். நாற்றமும் காட்சியின் ஒரு பகுதியே.

உங்களிடம் அந்தரங்கமாக ஒன்று சொல்கிறேன். எல்லோரும் மான் குகையை முதலில் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் தெளிநீர்க் குகையை முதலில் பாருங்கள். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போதுதான் குழிகளின் நிழல் விழும், செங்குத்துப் பக்கம் தெரியும். வழிகாட்டி சொல்வதற்கு முன் "ஆறு இந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது" என்று நீங்கள் சொல்லுங்கள். அவர் ஆமென்று தலையசைத்துவிட்டால், மறுநாள் மான் குகைக்குள் எந்த விளக்கவுரையும் உங்களுக்குத் தேவைப்படாது.