மந்திரமும் முழக்கமும்: சுப்பிரமணிய சிவாவின் நாம ஜபம்

இறைவனின் பெயரையோ மந்திரத்தையோ திரும்பத் திரும்பச் சொல்வது ஜபம். பிறர் காதில் விழச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம் என மரபு அதை மூன்றாகப் பிரிக்கிறது. மானசமே உயர்ந்தது என்றும் சொல்கிறது. இதற்கு மாறாக, உரக்கச் சொல்வதையே தவமாகக் கொண்டவர் சுப்பிரமணிய சிவா (1884–1925). தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் அவர் காலமானார். அவர் சொன்ன மந்திரம் 'வந்தே மாதரம்'.

பின்னணி

வத்தலக்குண்டில் பிறந்த சிவா, 1908-ல் வ.உ.சிதம்பரனாருடன் கைதாகி 1912 வரை சிறையில் இருந்தார். தொழுநோயுடன் வெளியே வந்து, 1913-ல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். பின்னர் காவி உடுத்தார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார்.

மந்திரமா, முழக்கமா?

'வந்தே மாதரம்' பக்கிம் சந்திரரின் 'ஆனந்த மடம்' (1882) நாவலில் துறவிகள் பாடும் பாட்டு. அதை மந்திரம் என்று 1907-ல் அரவிந்தர் எழுதினார். ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. முழக்கம் கூட்டத்தை நோக்கியது. கூட்டம் கலைந்தால் அதன் வேலை முடிந்துவிடும். ஜபமோ சொல்பவனை மாற்றுவதற்கானது. ஒரே சொல் இரண்டாகவும் இருக்க முடியுமா?

கேட்க ஆள் இல்லாதபோதும் அந்தச் சொல் நிற்கிறதா என்பதே இதற்கான சோதனை. நோய் காரணமாக ரயிலில் ஏற அவருக்குத் தடை இருந்தது. புண்பட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்தார். கைத்தட்டலோ பதவியோ அவருக்காகக் காத்திருக்கவில்லை. அப்போதும் அவர் அந்தச் சொல்லை விடவில்லை. எப்போதும் என்னை நினை, போரும் செய் என்று கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம் கூறும் கருத்துக்கு இது பொருந்தும். அங்கே நினைவு செயலிலிருந்து ஒதுங்கும் இடம் அன்று. செயலுக்குள் ஓடும் சரடு. உரத்துச் சொன்னாலும் சிவாவுடையது மானச ஜபமே.

எல்லை

பெயர் தன்னோடு ஓர் உருவத்தையும் கொண்டுவருகிறது. சாதி, மத வேறுபாடின்றி எல்லோரும் வணங்கும் இடமாகவே சிவா தம் கோயிலை எண்ணினார். ஆனால் நாட்டைத் தேவியாகக் காண்பது எல்லோருக்கும் இயல்பானது அன்று. முஸ்லிம்களின் மறுப்பைக் கருதி, பாட்டின் முதல் இரு பகுதிகளை மட்டும் பாடலாம் என 1937-ல் காங்கிரஸ் முடிவு செய்தது. இந்த இடரை அவரது நோக்கத்தின் தூய்மை மட்டும் நீக்கிவிடாது. அன்பால் வருவது நினைவு. பிறரை வற்புறுத்திச் சொல்ல வைத்தால் அது கட்டளையாகிவிடும்.

மதிப்பீடு

அவர் வாழ்நாளில் கோயில் எழவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அரசு அங்கே நினைவாலயம் கட்டியது. ஆனால் அவர் ஜபத்தின் பயனைக் கட்டடத்தைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. எத்தனை முறை சொன்னோம், எவ்வளவு உரக்கச் சொன்னோம் என்பவை ஜபத்தின் அளவைகள் அல்ல. அதற்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பதே அளவை. சிவா தம் உடல்நலத்தையே கொடுத்தார். அந்த விலையைத் தாமே கொடுத்தார், பிறரிடம் கேட்கவில்லை. அவரிடம் அது முழக்கமாகத் தேயாமல் மந்திரமாக நின்றதற்குக் காரணம் இதுவே.