மணியடித்தால் மூடும் புத்தகம்

தமிழக அரசு உயர்நிலைப் பள்ளிகளின் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை நூலகத்துக்கு உண்டு. பல பள்ளிகளில் அது நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்தது. பாடம் முடிக்காத கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வார். 2022இல் பள்ளிக் கல்வித்துறை அதற்குப் புத்துயிர் கொடுத்தது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் வாரந்தோறும் ஒரு புத்தகம் வாங்கிப் படித்து, அதைப் பற்றி எழுதவோ வரையவோ பேசவோ வேண்டும். நன்றாகச் செய்தவர்களுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள். மாநில அளவில் வெல்பவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம். அதே ஆண்டு மாணவர்களுக்கென்றே தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்களும் வந்தன.

இந்த ஏற்பாட்டின் முதல் பலம், பள்ளி நேரத்திலேயே நடப்பதுதான். பாடப்புத்தகமும் நோட்ஸும் தவிர வேறு அச்சுத்தாள் நுழையாத வீடுகள் ஏராளம். அங்கிருந்து வரும் பிள்ளையிடம் 'ஓய்வு நேரத்தில் படி' என்று சொல்லிப் பயனில்லை. தண்ணீர் பிடித்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, டியூஷனுக்கும் போய்வரும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஓய்வு நேரம் ஏது? அவளுக்கு வாரத்தில் 40 நிமிடம் 'கதைப் புத்தகம் படிப்பதும் படிப்புதான்' என்று பள்ளியே உறுதிசெய்து தருவது பெரிய காரியம். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த 40 நிமிடத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். பீரோவைத் திறந்து, ஆசிரியர் ஒரு கட்டுப் புத்தகங்களை மேசைமேல் வைத்தார். வரிசைப்படி வந்து, மேலே இருந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். பொறுக்கிப் பார்க்க நேரமில்லை. பெயரும் புத்தக எண்ணும் எழுதி முடிக்கவே பத்து நிமிடம் போயிற்று. பிறகு வகுப்பு மெல்ல அடங்கியது. ஜன்னலோரம் இருந்த பையன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு படித்தான். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது, 'படித்ததைச் சுருக்கி எழுதுங்கள்' என்ற குரல் வந்தது. அவன் புத்தகத்தை மூடிவிட்டான். அன்று நான் புரட்டிப் பார்த்த நோட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி முடிந்தன: இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட நீதி இது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எழுதச் சொன்னால் மதிப்பெண் விழும் விதமாக எழுதத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். வாசித்ததற்குச் சான்று கேட்ட கணமே வாசிப்பு இன்னொரு பாடமாகிவிடுகிறது. போட்டியும் அப்படித்தான். ஏற்கெனவே எழுத வருபவர்கள் மேலே போகிறார்கள். யாருக்காக இந்தப் பாடவேளை வேண்டுமோ அந்தப் பிள்ளை பள்ளிச் சுற்றிலேயே கைதட்டுகிற வரிசைக்கு வந்துவிடுகிறான்.

ஜப்பானில் 1988இல் சிபா மாநிலத்தின் ஃபுனபாஷியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி காலை வாசிப்பைத் தொடங்கியது. வகுப்புகளுக்கு முன் பத்து நிமிடம். நான்கே விதிகள்: எல்லாரும் படிப்பது, தினமும் படிப்பது, பிடித்ததைப் படிப்பது, படித்தாலே போதும். ஆசிரியரும் கூடவே படிப்பார். அறிக்கை, மதிப்பெண் எதுவும் கிடையாது. அது பின்னர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

இங்கும் அதையே அப்படியே கொண்டுவரலாமே என்று தோன்றும். எனக்குத் தயக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கை, மௌன வாசிப்புக்கு நேரம் ஒதுக்கினாலே சரளம் கூடிவிடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் நம் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் அமைதியாகப் பக்கம் புரட்டுவதை வாசிப்பு என்று கணக்கில் வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் புத்தகங்களைத் தந்தது இந்தக் குறையை அறிந்த ஏற்பாடு. ஆனாலும் பதினான்கு வயதுப் பையன் நண்பர்கள் பார்க்க 'நுழை' புத்தகத்தை எடுக்கக் கூசுவான். அவன் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க வேண்டும். சுருக்கம் எழுதச் சொல்லித் திருத்தும் நேரத்தை அதற்குத் தரலாம்.

வாரம் ஒருமுறை என்ற இடைவெளியே தவறு என்பாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. வாரந்தோறும் அடுத்த பகுதிக்குக் காத்திருந்தே ஒரு தலைமுறை வாசகர்களானது. ஆனால் அந்த இதழ் வீட்டிலேயே கிடந்தது. அக்கா முடித்ததும் தம்பி, பிறகு பக்கத்து வீடு என்று கைமாறியது. நிறுத்திய இடமும் எழுத்தாளர் கருதி நிறுத்திய இடம். நூலகப் பாடவேளையில் கதையை நிறுத்துவது மணி. 120 பக்க நாவலை வாரம் 15 பக்கம் படித்தால் எட்டு வாரம் ஆகும். நடுவில் காலாண்டுத் தேர்வு வரும், அதன் பின் விடுமுறை வரும். திரும்பி வரும்போது அந்தப் புத்தகம் வேறொருவர் கையில் இருக்கும்.

எனவே புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். கொடுத்தனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. பீரோவில் பூட்டி வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. பூட்டும் ஆசிரியர்மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. ஒரு தமிழாசிரியரோ வேறொரு பாட ஆசிரியரோ தம் வகுப்புகளோடு இதையும் சுமக்கிறார். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அவர். தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கிழிந்தால், தொலைந்தால் தம் கைக்காசு போகுமோ என்ற பயம் உள்ளவர் எப்படித் தாராளமாகக் கொடுப்பார்?

இந்தப் பயத்தைப் போக்க முன்மாதிரி நம் நாட்டிலேயே உள்ளது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, நூலகங்களில் ஆண்டுக்கு வழங்கிய அல்லது பார்வையிட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாணவர் பயன்படுத்தும் பள்ளி நூலகத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே அனுமதிக்கலாம். அப்படி ஓர் ஆணையைத் தெளிவான சொற்களில் எழுதி, தலைமையாசிரியரின் மேசைக்கும் தணிக்கையாளரின் கைக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டுப் போட்டி அறிவிப்புக்கு முன்பே அது வந்து சேர வேண்டும்.