ஏயர்கோனார் சூலையும் வன்றொண்டர் வருகையும்

நண்பர் ஒருவர் நோயுற்றுக் கிடக்கின்றார் எனக் கேட்குங்கால், அவர் முன்னொருநாள் நம்மை இகழ்ந்த சொல்லே முதற்கண் நினைவில் எழுமாயின், அவர்பாற் செல்ல எடுத்த கால் தானே நின்றுவிடும். அங்ஙனம் தடுப்பது யாது என்பதனைச் சேக்கிழார் சுவாமிகள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் வைத்து விளக்கிய திறம் ஆராயற்பாலது.

409 திருவிருத்தங்கள் கொண்ட இப்புராணத்திற் பெரும்பகுதி சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறேயாம். பரவையார்பால் இறைவனைத் தூதுவிடுத்தார் சுவாமிகள் எனக் கேட்டுத் திருப்பெருமங்கலத்துக் கலிக்காமனார் வெகுண்டார். அவ்வெகுளி சுவாமிகள் செவிக்கும் எட்டிற்று. அவர் எதிர்த்து வழக்குரைத்தாரல்லர்; தம் பிழையை உடன்பட்டு இறைவனிடம் விண்ணப்பித்தார். இருவரையும் கூட்டுவிக்கத் திருவுளங்கொண்ட பெருமான் கலிக்காமனார்க்குச் சூலைநோயை ஏவி, அது வன்றொண்டராலன்றித் தீராதென்று அருளினார். அவராற் றீர்தலினும் நோயுடன் வருந்துதலே நன்றென்றார் நாயனார். வன்றொண்டர் அணுகுகின்றார் எனக் கேட்டதும் உடைவாளால் வயிற்றைக் கிழித்து உயிர்நீத்தார்.

ஈண்டு ஒரு தடை எழும். சுந்தரர் சென்றது இறைவன் பணித்தமையாலன்றோ, அதனை அவர்தம் பெருமையாகக் கொள்வது எங்ஙனம் என்பர். பணி இருவர்க்கும் ஒருங்கே வந்ததென்பதை அவர் நோக்கிலர். இறைவன் திருவாக்கை நேரே கேட்டும் ஒருவர் மறுத்தார். மற்றவர் மகிழ்ந்து விரைந்தார். ஆகலின் வேற்றுமை பணியில் இல்லை, அதனை ஏற்ற நெஞ்சிலேயே உள்ளது என்பது தெளிவு.

அந்நெஞ்சின் இயல்பிற்கு இரண்டு சான்றுகள் உள. சேக்கிழார் வகுத்த முறையில், சுவாமிகள் திருவாரூரிற் றிருத்தொண்டத்தொகை அருளியது முன்னர். இப்பிணக்கு நிகழ்ந்தது பின்னர். எனவே தம்மை வெறுத்தவர்க்கு அவர் முன்னரே தம்மை அடியராக எழுதிக்கொடுத்துவிட்டார். அடியேன் என்று அமைந்தவனுக்குப் புண்படுதற்கு மானம் ஏது? இனி, இருவரும் நட்பாகிச் சென்று வழிபட்ட திருப்புன்கூரிற் சுவாமிகள் பாடிய பதிகத்தில் ஏயர்கோன் பிணி நீங்கிய செய்தி வருகின்றது. அதனை இறைவன் செயலாகவே பாடினார். தாம் சென்றதையோ, தாம் இகழப்பட்டதையோ ஒரு சொல்லாலும் குறித்தாரிலர். ஆறுதல் சொல்லச் சென்று மீண்டபின் அதனை எடுத்தியம்பும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

கலிக்காமனாரைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. அவர் வெகுளி பெருமான்மேல் வைத்த பேரன்பிற் பிறந்தது. ஆயினும் அவ்வன்பினுள்ளும் ‘என் பகைவன் கையால் உய்வேனோ’ என்னும் முனைப்பு மறைந்து நிற்றல் கூடும் என்பதே நாம் அஞ்சவேண்டுவது. ஆணவம் பிறவிடத்தினும் பத்தியின் போர்வையிற் கண்டறிதற்கு அரிது. மலம் கழுவப்பெற்றோன் அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தை அரனெனத் தொழுவான் எனச் சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் முடிக்கின்றது. அடியாரொடு பிணங்கி நின்று அரனை அணைதல் இயலாதென்பது அதனாற் பெறப்படும்.

சுவாமிகள் வந்தபோது, நாயனாரின் மனைவியார் அழுகையை அடக்கி எதிர்கொள்ளச் செய்தார். அவர் துயில்கின்றார் என்று உடனிருந்தோர் கூறினர். அச்சொல்லைக் கேட்டு மீண்டிருப்பின் முறைமை குறைவுறாது. வந்த கடனும் கழிந்திருக்கும். சுவாமிகளோ கண்டே தீர்வேன் என்று உட்புகுந்தார். குருதியிடைக் கிடந்தாரைக் கண்டு தாமும் வாளைப் பற்றினார். திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமனார் அவ்வாளைப் பிடித்துத் தடுத்தார். மருந்தை மறுத்த கையே நண்பரின் உயிரைக் காத்தது. நோயுற்றார் வாயிலில் தயங்கி நிற்கும் அன்பர்கள் இவ்விடத்தை ஒருகால் ஓதி உள்ளே புகுவாராக.