கடலுக்கு அப்பாலும் ஐம்பது இரவுகளும்

சென்னை கே.கே. நகரில் நம் இல்லத்திற்கு அன்பர் ஒருவர் அண்மையில் ஆலோசனை நாடி வந்தார். மகளுக்கு ஒரு வரன் வந்துள்ளது. பையன் தொழுகையாளி, உழைப்பாளி. ஆயினும் இளமையில் இராணுவத்தில் சேர்ந்து, விடுப்பு முடிந்தும் திரும்பாத குற்றத்திற்காகப் பணிநீக்கம் பெற்றவன். “பட்டாளத்தார் தள்ளிய பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா, ஹஜ்ரத்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை மீண்டும் எடுத்துப் படிக்க நம்மைத் தூண்டியது.

1959இல் நூலாக வந்த இந்நாவலின் நாயகன் செல்லையா, பினாங்கில் வட்டிக்கடை ஒன்றில் பணி செய்தவன். போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அப்படை கலைய, மீண்டும் கடைக்கே வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள். தந்தையோ மறுத்துவிடுகிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேட்டுக்கு உதவாது என்பது அவர் முடிவு.

ஆசிரியர் அந்தத் தந்தையைக் கொடியவராகத் தீட்டவில்லை. இதையே நாவலின் உயர்ந்த சிறப்பாக நாம் கருதுகிறோம். தொழிலையும் மகளின் எதிர்காலத்தையும் எண்ணி அஞ்சும் மனிதர் அவர். நம் வீடுகளிலும் பெண்ணைப் பெற்றோர் அவ்வாறே அஞ்சுகின்றனர்.

செல்லையா செய்தது குற்றமே அன்று. ஆனால் அதே படையில் சேர்ந்த பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தாரை அன்றைய அரசு குற்றவாளிகளாகவே நடத்தியது. செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவருக்கும் ஆயுள் முழுதும் நாடு கடத்தல் விதிக்கப்பட்டது. 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் அதனை நீக்கினார். பதவிப் பறிப்பையும் ஊதிய இழப்பையும் நீக்கவில்லை. விடுதலைக்குப் பின்னரும் அப்படையினர் இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. எனினும் ஷா நவாஸ் கான் 1952இல் மக்களவை உறுப்பினரானார், பின் அமைச்சருமானார். அவர்களைத் தியாகிகளாக ஏற்கும் ஓய்வூதியத் திட்டம் 1972இல் வந்தது. படை பறித்த மதிப்பைச் சமுதாயம் திருப்பித் தரமுடியும் என்பதற்கு இது சான்று.

நாவலில் நாம் குறை காணும் இடமும் இதுவே. காதலை இழந்த செல்லையாவுக்கு நண்பன் மாணிக்கத்தின் தத்துவப் பேச்சு ஆறுதலாகிறது. இழந்தவனைத் தேற்றும் ஆசிரியர், இழக்கச் செய்தோரிடம் ஒன்றும் கேட்கவில்லை. படைக்குப் போனவன் மீது ஊர் எழுதும் தீர்ப்புக்கு முடிவு நாள் எது? இக்கேள்வி நாவலில் எழவே இல்லை.

நம் மார்க்க வரலாற்றில் அது எழுந்தது, விடையும் கிடைத்தது. ஹிஜ்ரி 9இல் தபூக் படையெடுப்புக்குச் செல்லாமல் தங்கிவிட்டவர்களுள் கஅப் இப்னு மாலிக் (ரலி) ஒருவர். பிறர் பொய்க் காரணம் கூற, அவர் தம் தவறை உள்ளபடி ஒப்புக்கொண்டார். அவருடனும் வேறு இருவருடனும் எவரும் பேசலாகாது என்று பெருமானார் (ஸல்) ஆணையிட்டார்கள். நாற்பது நாள் கழிந்ததும் மனைவியரையும் விலகியிருக்கப் பணித்தார்கள். தண்டனை கடுமைதான். ஆனால் ஐம்பது இரவுகளில் அது முடிந்தது. மன்னிப்பை அறிவிக்கும் வசனம் இறங்கியதும், பள்ளியினுள் நுழைந்த கஅபை நோக்கித் தல்ஹா (ரலி) எழுந்தோடிக் கைகொடுத்து வாழ்த்தினார். விலக்கி வைத்த அதே சமூகம் எழுந்து வரவேற்றது.

இன்றைய இராணுவச் சட்டப்படி பணிநீக்கம் பெற்றவருக்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும் இல்லை. அரசு தன் தண்டனையை அத்துடன் முடித்துக்கொள்கிறது. அதன்மேல் திண்ணையிலும் திருமணப் பேச்சிலும் ஆயுள் முழுதும் தண்டிக்க நமக்கு எவர் அதிகாரம் அளித்தார்?

அன்பரிடம் நாம் இவ்வளவே கூறினோம்: “பையன் தன் தவறைத் தானே உங்களிடம் சொன்னானா, பிறர் வழியாகத் தெரிந்ததா?” அவர் சற்று மௌனமாயிருந்து, “முதல் நாளே அவனே சொன்னான்” என்றார். நாவலை அவர் கையில் கொடுத்து, தல்ஹாவின் செய்தியையும் வீட்டாருக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டோம்.