சீனப் புரட்சியில் எம். என். ராயின் பங்கு

1939இல் வெளியான 'இஸ்லாத்தின் வரலாற்றுப் பங்கு' என்னும் ஆங்கில நூலின் ஆசிரியராக வங்க அறிஞர் எம். என். ராயை நம் வாசகர் பலர் அறிவர். 1920இல் தாஷ்கந்து நகரில் அவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தபோது, ஹிஜ்ரத் சென்ற முஸ்லிம் இளைஞர் சிலரும் உடனிருந்தனர். சீனருக்குப் புரட்சி வழியைக் காட்டியவர் அவரே என்று புகழ்வாரும் உளர். அங்கு அதனைக் கெடுத்தவர் அவரே என்று இகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றும் நீதியுடையன அல்ல என்பது நம் கருத்து.

கம்யூனிஸ்ட் அகிலத்தின் தூதராக 1927 தொடக்கத்தில் ராய் சீனம் சேர்ந்தார். ஏப்ரல் 12இல் சியாங் கை ஷேக் ஷாங்காய்த் தொழிலாளரைக் கொன்று குவித்தார். கம்யூனிஸ்டுகளுக்கு எஞ்சிய நட்பு, வாங் சிங் வெய் தலைமையிலான வூஹான் அரசே. வடக்கே படை நடத்துவதே முதற்கடன் என்றார் அங்கிருந்த ரஷ்ய ஆலோசகர் பொரோடின். உழவனுக்கு நிலம் கிடைப்பதே முதற்கடன் என்றார் ராய். 1949இல் கிட்டிய வெற்றி உழவரின் தோள்மேல் நின்றே வந்தது. ஆதலின் ராய் கண்டது மெய்.

கண்டவர் செய்தது என்ன? நிலப் பறிமுதலையும், 20,000 கம்யூனிஸ்டுகளும் 50,000 தொழிலாளர், உழவரும் அடங்கிய புதுப்படையையும் வலியுறுத்தி, ஜூன் மாதம் ஸ்டாலினின் இரகசியத் தந்தி வந்தது. அதனை ராய் வாங் சிங் வெய்யிடமே காட்டிவிட்டார். ஜூலையில் வூஹான் அரசு கம்யூனிஸ்டுகளை வெளியேற்றிற்று. இரகசியம் ஓர் அமானத். அதைக் காவாதது பிழையே. எனினும் தந்திக்கு முன்பே, மே 21இல், சாங்ஷாவில் வூஹான் படையினர் உழவர் சங்கங்களை அழிக்கத் தொடங்கியிருந்தனர். விரிசலை ராய் உண்டாக்கவில்லை, விரைவுபடுத்தினார்.

1930இல் ஜெர்மன் மொழியிலும் 1946இல் ஆங்கிலத்திலும் வெளியான 'சீனத்தில் புரட்சியும் எதிர்ப்புரட்சியும்' என்னும் அவர் நூல், பண்டைச் சீனத்தின் சமூக அமைப்பையும் தைப்பிங் எழுச்சியையும் ஆராயுமிடத்துச் சிறக்கிறது. 1927 பற்றிய பகுதியையோ, தன் வழக்கில் தானே சாட்சி கூறுவோனின் மொழியைக் காழி கேட்பதுபோல் கேட்டல் வேண்டும்.

நம் காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு ஊடையால் நெய்யப்பட்டுக் கோர்வையில் இணைகின்றன. அவ்விணைப்பு பிசகினால் கரை எத்துணை அழகாயினும் சேலை நில்லாது. ராயிடம் கொள்கை இருந்தது. சீன மொழி இல்லை. அந்நாட்டில் அவர் தங்கியதும் சில திங்களே. அதே ஆண்டின் தொடக்கத்தில் மாவோ ஹூனான் கிராமங்களில் 32 நாள் திரிந்து உழவரிடமே கேட்டறிந்தார். சீனத்திற்கு வழிகாட்டியது அந்த அறிவு. ராய் உண்மையை உரைத்தவருள் ஒருவர். அதற்குரிய மதிப்பை அளிப்போம், அதற்கு மேல் வேண்டா.